எலும்பு முள்ளும் ரப்பர்ப் பட்டையும்



“எலும்பு வளந்திருக்காம் சாரே, அத அறுத்துக் களஞ்சிருங்க” என்று எக்ஸ்ரே படத்தை மேசைமீது விரித்துவைத்துக் கேட்பவர்கள், கீரிப்பாறைப் பக்கத்திலிருந்து என்னிடம் சிகிச்சைக்கு வருவோரில் அநேகர். மூட்டின் விளிம்பில் கூராக நீண்டு நிற்கும் அந்த எலும்பு முள்ளைக் குறித்தே இன்று பேச விழைகிறேன்.

கீரிப்பாறையின் அரசு ரப்பர்த் தோட்டங்களை நேயர்கள் பலர் காளிகேசம் போகும் வழியில் நிழலுக்காக மட்டுமே கவனித்திருப்பீர்கள். இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பயனாய் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் பலவற்றுக்கும் ஜீவனம் அளித்த அந்தச் சரிவுகளில், பொழுது விடியுமுன்னரே நெற்றி விளக்குடன் புறப்பட்டு, மரத்துக்கு மரம் குனிந்து பட்டையைச் சீவி, பிற்பாடு சிரட்டைகளில் ஊறிய பாலை வாளியில் சேகரித்துச் சுமந்து இறங்குகிறவரின் முட்டும் இடுப்பும் ஆண்டாண்டாய்ப் படும் பாட்டைச் சிறிது எண்ணிப் பாருங்கள்.

மூட்டில் எலும்பு முனைகளைப் போர்த்தியுள்ள வழுவழுப்பான குருத்தெலும்பு, வயதினாலும் பாரத்தினாலும் பழைய காயங்களினாலும் தேயத் தொடங்கும்போது, விளிம்பிலுள்ள எலும்புறையின் செல்கள் விழித்துக்கொண்டு முதலில் புதுக் குருத்தெலும்பை உண்டாக்கி, அது நாளடைவில் எலும்பாகவே இறுகிவிட, தளர்ந்த மூட்டின் ஆட்டம் ஓரளவு மட்டுப்படுகிறது. ஆக, இது சரீரம் தானே செய்துகொள்ளும் ஒரு பழுதுபார்ப்பு. எனக்கு இதில் உள்ள வியப்பு இன்றுவரை தீர்ந்தபாடில்லை.

இதை ஒரு பால்வெட்டுத் தொழிலாளிக்கு விளக்க முற்பட்டபோது, அவருடைய தொழிலே எனக்குத் துணைவந்தது. கத்தி பட்டையளவில் நின்றால் சீவிய இடம் சமமாக மூடிக்கொள்ளும். ஆழ இறங்கி உள்ளிருக்கும் வளர்திசுவைத் தொட்டுவிட்டாலோ, அவ்விடம் முண்டும் முடிச்சுமாய்த் தடித்துவிடும். “அந்த முண்டை மட்டும் செதுக்கி எறிந்தால் மரம் பழையபடி ஆகிவிடுமா?” என்று கேட்டேன். “அது எப்படி ஆவும் சாரே? கத்தியில்லா பாத்துப் பிடிக்கணும்!” என்று சிரித்தார். முள்ளை மாத்திரம் அறுத்தெடுப்பதால் பெரும்பாலான முட்டுகளில் பயன் கிட்டாததன் காரணத்தை, நேயர்களே, இதைவிடத் தெளிவாக என்னால் கூற இயலாது.

படத்தைக் கண்டு நடுங்கவும் வேண்டாம். 1957இல் கெல்கிரென், லாரன்ஸ் என்னும் இரு மருத்துவர்கள் எக்ஸ்ரேயைக்கொண்டு தேய்மானத்தைத் தரம் பிரித்த முறையில் எலும்பு முள்ளுக்கு முக்கிய ஸ்தானம் உண்டெனினும், முள்ளின் நீளத்தைப் பார்த்து நோவின் அளவைச் சொல்லிவிட முடியாது. ஒரு தம்பதியர் ஒன்றாக வந்திருந்தனர். கணவரின் படத்தில் இரு முட்டிலும் முட்கள், அவரோ மலையேறுவதில் குறையொன்றும் காணவில்லை. மனைவியின் படம் ஏறக்குறையப் பழுதற்றது, அவருக்கு அடுப்படியில் நிற்கக்கூட ஆகவில்லை. தொடைத்தசை வற்றியிருந்ததே அந்த அம்மாளின் உபத்திரவத்துக்குப் பெரும் காரணம். நாற்காலியில் அமர்ந்து, காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கிப் பத்து எண்ணும்வரை நிறுத்தி மெல்ல இறக்கும் எளிய அப்பியாசத்தை இரு கால்களுக்கும் மாற்றி மாற்றிச் செய்யச் சொன்னேன். சில மாதங்களில் பேருந்துப் படியைப் பிறர் கைபிடிக்காமல் ஏறினார். சொல்லும்போதே செய்து பார்க்கிறீர்களா? நல்லது.

நேரம் குறைவாகையால் மற்றவற்றை விரைந்து சொல்கிறேன். உடல் எடையில் 1 கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டின்மேல் விழும் பாரம் சுமார் 4 கிலோ குறைகிறதென்று ஆய்வுகள் கண்டிருக்கின்றன. முள்ளைக் கரைக்கும் மருந்தென்று எவர் விற்றாலும் வாங்காதீர்கள். கடையில் தாமாக வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் வலிமாத்திரைகள் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். மேலே தடவும் களிம்பு அவ்வளவு அபாயமானதன்று. நம் மாவட்டத்தின் வர்ம ஆசான்கள்மீது எனக்கு மதிப்புண்டு. எண்ணெயிட்டு இதமாகத் தடவுவதில் ஆட்சேபமுமில்லை. ஆனால் கழுத்தெலும்பிலோ முதுகெலும்பிலோ முள் இருப்பதாகத் தெரிந்தால், சடக்கென்று திருப்பி நெட்டியெடுக்க ஒருபோதும் இடங்கொடாதீர்கள். கைகால் மரத்துப்போதல், பலம் குன்றுதல், சிறுநீர் கட்டுப்படாமை ஆகியவை கண்டால், ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள வேறு பெரிய மருத்துவமனைக்கோ அன்றே செல்லுங்கள். முற்றிலும் தேய்ந்துபோன முட்டுக்கு மாற்று மூட்டு அறுவை உண்டு; அது கடைசிப் படி.

இன்னொன்று மறந்தே போனேன்: சுண்ணாம்புச்சத்து மிகுந்ததால்தான் எலும்பு வளர்கிறதென்று அஞ்சிப் பாலையும் மீனையும் விலக்கியிருக்கும் தாய்மார்கள், இவ்வுரையைக் கேட்டபின் அவற்றை மறுபடியும் உண்பார்களென்றும், காலை நீட்டி மடக்கும் அப்பியாசத்தை நாளைக்கும் மறவாமல் செய்வார்களென்றும் நம்பி விடைபெறுகிறேன்.