அந்தப் பெட்டி யாருடையது?

பழனி மலையடிவாரத்துப் பாலசமுத்திரத்தில் இடி மழைக்கு மறுநாள் வீட்டுப் போன் ஊமையானால், வாசலில் ஒரு வழக்கு நடக்கும். "லைன் நல்லாத்தாங்க இருக்கு, உங்க வயரிங்லதான் கோளாறு" என்பார் லைன்மேன். வீட்டுக்காரர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

தொலைபேசி அரசு இலாகாவிடம் இருந்த காலத்தில் இந்த வழக்குக்கே இடமில்லை. கனத்த கறுப்புப் போன்கூட அரசாங்கச் சொத்து. 1948-இல் பெங்களூரில் தொடங்கிய ஐ.டி.ஐ. என்ற அரசுத் தொழிற்சாலை செய்து தரும், நாம் வாடகை கட்டுவோம். கடையில் வாங்கி நாமே மாட்ட முடியாது. அமெரிக்காவிலும் அதே நிலைதான்; அங்கே ஆட்டிவைத்தது ஏ.டி. அண்டு டி. என்ற தனியார் கம்பெனி. டெக்சாஸ்காரர் தாமஸ் கார்ட்டர், வயர்லெஸ்ஸையும் போனையும் இணைக்கும் கருவி ஒன்றை விற்றார். கம்பெனி தடுத்தது. அவர் விடாமல் வழக்காடி 1968-இல் ஜெயித்தார். வலையமைப்புக்குக் கேடு செய்யாத கருவியை யாரும் மாட்டலாம் என்றானது. நம் நாட்டில் போன் செய்யத் தனியாருக்கு 1984-இல்தான் கதவு திறந்தது.

இலாகாவின் பொறுப்புக்கும் நம் பொறுப்புக்கும் நடுவிலுள்ள எல்லை அப்போது சுவருக்கு நகர்ந்தது. கம்பி வந்து சேரும் சின்ன ரோசெட் பெட்டி வரை அவர்கள் பாடு, அதற்கு இப்பால் நம் பாடு. உள்வயரிங்கைக் கழற்றிவிட்டு, நல்ல போன் ஒன்றை நேரே அந்தப் பெட்டியில் மாட்டிப் பாருங்கள். டயல் டோன் கேட்டால், லைன்மேன் சொன்னதுதான் சரி.

ஃபைபர் வந்த பிறகு எல்லை மறுபடி நகர்ந்திருக்கிறது, சத்தமில்லாமல். செம்புக் கம்பி பேச்சோடு எக்ஸ்சேஞ்ச் பாட்டரியின் 48 வோல்ட்டையும் சுமந்து வந்தது. ஊரே இருண்டாலும் போன் அடித்தது அதனால்தான். கண்ணாடி இழையில் வருவது ஒளி மட்டும். வீட்டிலிருக்கும் ஃபைபர் மோடத்துக்குக் கரண்ட் கொடுப்பது நாம். கரண்ட் போனால் போனும் போகும். இணைப்புக் கொடுக்கும்போது இதை வாய்விட்டுச் சொல்ல வேண்டாமா? வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் மோடத்துக்குச் சின்ன யு.பி.எஸ். ஒன்று அவசியம். மோடம் வாடகையா சொந்தமா என்பதையும் முதலிலேயே கேட்டு வையுங்கள். கருகிப்போன பிறகு கேட்டால் வாக்குவாதம்தான் மிஞ்சும்.

மோடத்தில் எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக மின்னினால், ஒளி வந்து சேரவில்லை. வீட்டுக்குள் இழை எங்காவது மடங்கியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் தயங்காமல் புகார் கொடுங்கள். அந்தச் சிவப்பு இல்லாமல், பின்கட்டில் மட்டும் வைஃபை எட்டவில்லையா? மோடத்தைக் கொஞ்சம் நடுவீட்டுக்கு நகர்த்திப் பாருங்கள்.