தோற்ற கணக்கும் பேரேட்டில் ஏறட்டும்

(தோட்டக் கிளைக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



“எத்தனையோ முறை கேட்டாயிற்று, கிடைக்கவில்லை. இனிச் சந்தா எதற்கு?” என்று நம்மில் சிலர் சலித்துக்கொள்கிறார்கள். அந்தச் சலிப்புக்குப் பதில் சொல்லவேண்டியது நம் கடமை.

பால் வெட்டப் பழகுகிறவர் கையில் கத்தி சில வேளை ஆழமாக இறங்கிவிடும். மரத்தில் காயம் பட்டு, அங்கே பட்டை முண்டுமுடிச்சாக வளரும். அதைப் பார்த்துத்தான் கை பழகுகிறது. காயத்தைப் பார்க்காதவர் அடுத்த மரத்திலும் அதே காயத்தைத்தான் போடுவார்.

நம் கெடா மண்ணிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. யுத்தம் முடிந்தபின், ஹார்வார்டு தோட்டத்தில் ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள் நம் குடும்பங்களைக் கெடுக்கிறது என்று கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றது. 1947 பிப்ரவரி 28-ல் பீடோங்கில் போலீசாருடன் மோதல் மூண்டது. ஒரு தொழிலாளி உயிரிழந்தார். சில நாட்களில் கூலிம் பக்கத்து டப்ளின் தோட்டத்தில் துப்பாக்கி வெடித்தது. அங்கும் ஓர் உயிர் போயிற்று. பலர் சிறை சென்றனர். படை கலைந்தது. 1948 ஜூனில் அவசரகாலம் வந்து, தொழிற்சங்கங்கள் பலவும் முடங்கின.

அன்று தைரியத்துக்கு ஒரு குறைவுமில்லை. ஆனால் தலைவர்கள் பிடிபட்டால் அடுத்து நின்று நடத்த ஆள் வேண்டும். அடுப்பு எரிய நிதி வேண்டும். சட்டத்தின் முன் நிற்கப் பதிவும் ஏடும் வேண்டும். இதுவே அந்தத் தோல்வியிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளும் பாடம். 1954-ல் பல சங்கங்கள் ஒன்றுகூடித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாயின. பி.பி. நாராயணன் பொதுச் செயலாளராக நின்று நடத்தினார்.

அதன் பிறகும் எல்லாம் உடனே கிடைத்துவிடவில்லை. மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் கூலி இல்லை. மாதச் சம்பளம் வேண்டுமென்று பல ஆண்டுகள் கேட்டோம். பல முறை வெறுங்கையோடு திரும்பினோம். குறைந்தபட்சச் சம்பள ஆணை 2013 ஜனவரி 1 முதல் அமலாகி, தீபகற்பத்தில் மாதம் 900 ரிங்கிட் என்று விதித்தது. 2025 பிப்ரவரியில் அது 1,700 ரிங்கிட் ஆயிற்று. முதலில் கேட்டவர்களில் பலர் அதைக் கையில் வாங்கிப் பார்க்காமலே போய்விட்டார்கள். அவர்கள் கேட்டிராவிட்டால் நாம் வாங்கியிருக்கமாட்டோம்.

ஆகவே மூன்று காரியங்களைச் செய்வோம். முதலாவது, எந்தக் கோரிக்கையையும் தேதியிட்டு இரண்டு பிரதி எழுதி, ஒன்றைக் கிளையிலே வைப்போம். இரண்டாவது, வழக்குத் தோற்றால் ஒரு வாரத்துக்குள் கூடி, எந்தச் சாட்சி இல்லாமற் போயிற்று, எந்தக் காகிதம் காணவில்லை என்று ஆராய்ந்து குறிப்பேட்டில் எழுதுவோம். யார் குற்றம் என்று சண்டையிட வேண்டாம். மூன்றாவது, கிளைச் செயலாளருக்குப் பக்கத்தில் இரண்டு இளைஞர்களையும் ஒரு பெண்ணையும் உட்காரவைத்துப் பழக்குவோம். பெரட்டுக்கு வந்து நிற்பதில் பெண்கள் பாதி. கமிட்டியில் மட்டும் அவர்கள் இடம் ஏன் காலியாகக் கிடக்கவேண்டும்?

கிராணி வேலை பார்க்கும் நமக்கு ஒன்று தெரியும். வரவை மட்டும் எழுதி நஷ்டத்தை மறைத்த பேரேடு ஒருநாளும் நேராகாது. சங்கத்தின் பேரேடும் அப்படித்தான். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். ஆனால் முந்தின அடி எங்கே விழுந்தது என்று தெரிந்து அடிக்கவேண்டும்.

சந்தாவை நிறுத்தாதீர்கள், கூட்டத்துக்கு வராமலிருக்காதீர்கள்.