ஒரு பகற் பயணம்

ஆனேக்கல், அத்திபெலே, பொம்மசந்திரா ஆகிய ஊர்களில் தொழில் நிமித்தமாகக் குடியேறிய தமிழர் பலர். விடுமுறை நாள் வந்தால் ஓசூரைத் தாண்டிச் சொந்த ஊருக்குப் புறப்படவே மனம் அவாவும். ஒரு ஞாயிறு மட்டும் எதிர்த்திசையில் பயணம் செய்து பாருங்கள் என்று நேயர்களை அழைக்கிறேன். காலையில் கட்டுச்சோற்றுடன் கிளம்பினால், பொழுது சாய்வதற்குள் மூன்று பழங்கோயில்களைக் கண்டு திரும்பிவிடலாம்.

சந்தாபுரா வழியாக ஓசூர் சாலையை அடைந்து, பொம்மனஹள்ளியில் திரும்பினால் பேகூர். அங்குள்ள நாகேசுவரர் கோயில் கங்கர் காலத்தது. ஏறத்தாழக் கி.பி. 890-ஆம் ஆண்டைச் சேர்ந்த கன்னட வீரக்கல் ஒன்று, பெங்களூர்ப் போரில் மாண்ட ஒருவனை அங்கே நினைவூட்டுகிறது. வெந்த பயறு உண்ட ஹொய்சள மன்னன் இட்ட பெயரே பெங்களூர் என்பர். அம்மன்னன் பிறக்குமுன்பே ஊரும் பெயரும் இருந்தன என்பதற்கு இக்கல்லே சான்று. கெம்பேகவுடர் கோட்டை எழுப்பியதோ 1537-இல்.

அடுத்து மடிவாளாவின் சோமேசுவரர் கோயில். அதன் சுவர்களில் இருப்பவை தமிழ் எழுத்துகள்! பழமையானது 1247-ஆம் ஆண்டினது. மற்றொன்று, பெங்களூர்ப் பெரிய ஏரிக்குக் கீழுள்ள நிலத்தைக் குறிப்பிடுகிறது. அங்கிருந்து தொம்மலூர் சொக்கநாதர் கோயிலுக்குச் சென்றால், ஹொய்சள மன்னன் இராமநாதன் காலத்துத் தமிழ்ச் சாசனத்தைக் காணலாம். அரசன் குலம் கன்னடக் குலம். சாசனத்தின் மொழி தமிழ். அன்றைய மக்கள் இதை விந்தையாகக் கருதியிருக்க மாட்டார்கள்.

இதைக் கண்டு, 'இம்மண் எமதே' என்று மார்தட்டுவது பேதைமை. 'இங்கு நாம் அந்நியர்' என்று குன்றிப்போவதும் பிழை. பேகூரில் கன்னடமும் மடிவாளாவில் தமிழும், சில கல் தொலைவுக்குள் ஒன்றையொன்று பகையாமல் நிற்கின்றன. சோழரும் ஹொய்சளரும் இந்நிலத்துக்காகப் போரிட்டனர்; ஆயினும் ஏரிக்கும் கோயிலுக்கும் நிலம் அளந்து கொடுத்தவர்கள் அண்டை வீட்டாராகவே வாழ்ந்தனர்.

பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகளைத் தொகுத்து, பி. எல். ரைஸ் 1905-இல் நூலாக்கினார். ஆனேக்கல் வட்டத்துச் சாசனங்களும் அதில் உண்டு. ஏட்டில் ஏறிவிட்டதனால் கல்லுக்குக் காவல் வேண்டாம் என்பதில்லை. சுண்ணாம்புப் பூச்சும் புதுக்கட்டடமும் ஓர் எழுத்தை மறைத்துவிட்டால், அதை மீண்டும் பொறிக்க யாரால் இயலும்?

ஆதலின் குழந்தைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். தமிழெழுத்தை நீங்கள் காட்டுங்கள். கன்னட எழுத்தை, பள்ளியில் பயின்ற அவர்கள் உங்களுக்குக் காட்டட்டும். மாலையில் ஆனேக்கல் திரும்பும்போது, காலையில் விட்டுச்சென்ற ஊர் சற்றே நெருங்கிய ஊராகத் தோன்றும்.