டெக் போய்விட்டது, கேசட் இருக்கிறது



வானகரம், மதுரவாயல், அம்பத்தூர் பக்கம் பரணை ஒழித்தால் இன்றும் பல வீடுகளில் ஒரு கல்யாண கேசட்டாவது கிடைக்கும். உறையின் மேல் மணமக்கள் பெயரும் தேதியும் பேனாவில் எழுதியிருக்கும். அதைப் போட்டுப் பார்க்கும் டெக், அதாவது விசிஆர், மட்டும் இருக்காது. இடத்தை அடைக்கிறதென்று எப்போதோ காயலான் கடைக்குப் போயிருக்கும். வீட்டுக்காரர்கள் எடைக்குப் போட்டது இனி கிடைக்காத பொருளை. 2016 ஜூலையில் ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் உற்பத்தியை நிறுத்திய பிறகு புது விசிஆர் வருவது நின்றுபோனது.

ஒரு காலத்தில் டெக்குக்கு இருந்த மவுசே வேறு. ஜேவிசி 1976இல் அறிமுகப்படுத்திய விஎச்எஸ் கேசட் முறை, 1982 ஆசிய விளையாட்டை ஒட்டிக் கலர் டிவி வந்த பிறகு இங்கே வேகமாகப் பரவியது. சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் ஊர் திரும்பியவர்களின் பெட்டிகளில் டெக் வந்தது. சென்னை பர்மா பஜாரிலும் கிடைத்தது. வாங்க வசதியில்லாதவர்கள் டிவியோடு சேர்த்து ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுத்து, விடிய விடியப் படம் பார்த்தார்கள். விசிஆரில் படம் காட்டுவதை ஒழுங்குபடுத்த 1984இல் தமிழ்நாடு தனிச் சட்டமே போட்டது!

தப்பிப் பிழைத்த ஒரு டெக் இன்று மெக்கானிக்கின் மேசைக்கு வந்தால், அவர் சர்க்யூட் பக்கம் போவதற்கு முன் ரப்பரைத் தொட்டுப் பார்ப்பார். ப்ளே அழுத்தியதும் சில நொடி ஓடி, தானாக நின்றுவிடுகிறதா? டேப்பைச் சுற்றிக்கொள்ளும் சக்கரம் திரும்பவில்லை என்று அர்த்தம். அதைத் திருப்பும் ஐட்லரின் ரப்பர் வளையம் காய்ந்து வழவழப்பாகியிருக்கும், அல்லது பெல்ட் தளர்ந்திருக்கும். சுற்றாத டேப் உள்ளே குவிந்து சிக்கிவிடக் கூடாதே என்று சென்சார் ஓட்டத்தை நிறுத்துகிறது. ரப்பரை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் கொஞ்ச நாள் ஓடும். மாற்றுவதுதான் நிரந்தர வழி. வானகரத்திலிருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலை பிடித்து எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட் வரை போய்த் தேட வேண்டியிருக்கும். அங்கேயும் கிடைக்காவிட்டால் இன்னொரு செத்த டெக்கிலிருந்துதான் கழற்றியாக வேண்டும்.

சத்தம் நன்றாகக் கேட்கிறது, படம் மட்டும் ஒரே புள்ளியாக இருக்கிறது என்றால் பெரும்பாலும் ஹெட்டில் அழுக்கு. சாதாரண மோனோ டெக்கில் ஒலியை டேப்பின் ஓரத்தில் அசையாமல் நிற்கும் தனி ஹெட் படிக்கிறது. படத்தைப் படிப்பது சுழலும் டிரம்மில் பொருத்திய ஹெட்டுகள். நமது பால் (PAL) டிவி முறையில் டேப் நொடிக்கு இரண்டரை சென்டிமீட்டர்கூட நகர்வதில்லை. ஆனால் 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள டிரம் நிமிடத்துக்கு 1,500 முறை சுற்றுவதால், ஹெட் டேப்பை நொடிக்கு ஐந்து மீட்டருக்குச் சற்றே குறைந்த வேகத்தில் உரசுகிறது. படத்தின் ஒவ்வொரு தடமும் 0.049 மில்லிமீட்டர் அகலம்தான். இந்த நுணுக்கத்துக்குள் ஒரு தூசு போதும், படம் காணாமல் போக.

துடைப்பதில்தான் பலர் டெக்கைக் கொன்றார்கள். சலவை நோட்டை மடித்துத் தேய்த்தவர்களும் உண்டு. காது குடையும் பஞ்சுக் குச்சியின் நூல் ஹெட்டில் மாட்டும். மேலும் கீழுமாகத் தேய்த்தால் முனை உடையும். நூல் பிரியாத மெல்லிய தோல் துண்டில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்து, அதை டிரம்மின் மேல் அசையாமல் வைத்துக்கொண்டு, டிரம்மைக் கையால் மெல்லத் திருப்ப வேண்டும். கை ஒருபோதும் ஏறி இறங்கக் கூடாது.

கரண்டே வரவில்லை என்றால் பவர் சப்ளையில் கப்பாசிட்டர் காய்ந்திருக்கலாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தேங்கி நிற்கும் என்பதால் பழக்கமில்லாதவர்கள் அங்கே கை வைக்காமலிருப்பதே நல்லது.

இவ்வளவு பாடுபட்டுச் சரிசெய்த டெக்கை ஒரே ஒரு கேசட் கெடுத்துவிடும். சென்னைக் காற்றின் ஈரத்தில் டேப் சுருளின் மேல் வெள்ளையாகப் பூஞ்சை படியும். கேசட்டின் ஜன்னல் வழியே பார்த்தாலே தெரியும். அதை அப்படியே போட்டால் ஹெட் அடைத்துக்கொள்ளும், பூஞ்சை அடுத்த கேசட்டுக்கும் தொற்றும். கூடு உடைந்திருந்தால் கவலை வேண்டாம். அடியிலுள்ள ஐந்து ஸ்க்ரூவைக் கழற்றி டேப்பை நல்ல கூட்டுக்கு மாற்றலாம். அமெரிக்காவிலிருந்து உறவினர் அனுப்பிய கேசட் சரியாக ஓடவில்லையென்றால் பழுது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அங்கே இருந்தது என்டிஎஸ்சி முறை. பால் மட்டும் தெரிந்த டெக்குக்கு அது புரியாது.

எல்லாம் சரியானதும் முதலில் போட வேண்டியது யாருக்கும் வேண்டாத ஒரு சினிமா கேசட். அது சிக்காமல் ஓடினால், கல்யாண கேசட்டைப் போடலாம். கேப்சர் கார்டு வழியாகக் கம்ப்யூட்டரில் பதிவைத் தொடங்கிவிட்டுத்தான் ப்ளே அழுத்த வேண்டும். தாலி கட்டும் இடத்தில் டேப் அறுந்தாலும், அதுவரை ஓடியது கையில் இருக்கும்.