சொட்டையும் சொந்த ரத்தமும்

முன்வரிசையில் என் வகுப்புத் தோழர்களின் தலைகளைப் பார்த்தாலே இன்றைய தலைப்பு ஏனென்று விளங்கும்! அவர்களை விடுங்கள். என் கவலை பின்வரிசைத் தம்பிகள் மேல்தான். கல்யாணத்துக்குள்ள முடி வந்துடணும்னு கடன் வாங்கிக்கொண்டு கிளினிக்குக்கு வருகிறார்கள்.

பி.ஆர்.பி. மந்திரம் இல்லை. கையில் ரத்தம் எடுத்து, இயந்திரத்தில் வேகமாகச் சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த பிளாஸ்மாவைப் பிரித்துத் தலையில் ஊசியாகப் போடுகிறோம். தட்டணுக்கள் வெளிவிடும் வளர்ச்சிக் காரணிகள் சோர்ந்த முடிவேர்களைத் தூண்டும். பெரும்பாலும் மாதம் ஒன்றாக 3 முறை; பிறகும் அவ்வப்போது போடணும். வலிக்கும். மெலிந்த முடி சிலருக்குத் தடிக்கிறது. வழுவழுவென்று ஆகிவிட்ட சொட்டையில் ஒன்றும் முளைக்காது. தயாரிப்பு முறையும் இடத்துக்கு இடம் வேறு.

ஆண்களின் பரம்பரைச் சொட்டையில் டி.எச்.டி. ஹார்மோனுக்குப் பெரும் பங்கு. அதை இந்த ஊசி தடுப்பதில்லை. அமெரிக்காவில் 1988-ல் அனுமதி பெற்ற மினாக்ஸிடில் (ரத்தக் கொதிப்பு மாத்திரையாகப் பிறந்தது அது!), 1997-ல் அனுமதி பெற்ற ஃபினாஸ்டெரைடு, இவற்றைப் பற்றி முதலில் டாக்டரிடம் கேளுங்கள். "முழுசா வரும், கேரண்டி" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துடுங்க. தட்டணு குறைவாக உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

சாப்பாட்டுக்கு மணி அடிச்சாச்சு. மிச்சக் கேள்விகளைப் பந்தியில் கேளுங்கள்.