நம்ம மாடித் தொட்டியும் ஜிபூட்டியின் காய்ச்சலும்

(எபிசோடில் பேசியது. வாசிப்பதற்காகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இன்னிக்கு ஒரு கொசுவைப் பத்திப் பேசப்போறோம். பேரு அனாபிலஸ் ஸ்டீபென்சி.

மலேரியான்னா நமக்குக் காடும் குட்டையும்தான் ஞாபகம் வரும். ஆனா இது நகரத்துக் கொசு. சாக்கடை பக்கம் பெரும்பாலும் போகாது. கிணறு, சம்ப், மாடித் தொட்டி, கட்டட வேலைக்குத் தேக்கி வெச்ச தண்ணின்னு நல்ல தண்ணியாப் பாத்து முட்டை போடும். சென்னையில மலேரியாவைப் பரப்புறது முக்கியமா இதுதான். நான் இருக்கிற வேப்பம்பட்டுல ஸ்டேஷனை விட்டு வெளிய வந்தா தெருவுக்குத் தெரு புது வீடு, கீழே சம்ப், மேலே கருப்புத் தொட்டி. இந்தக் கொசுவுக்கு வேறென்ன வேணும்?

ரொம்ப காலமா இது ஆசியாவோட பிரச்சினையாத்தான் இருந்தது. 2012-ல ஆப்பிரிக்காவோட துறைமுக நாடான ஜிபூட்டியில இதைக் கண்டுபிடிச்சாங்க. அந்த வருஷம் அங்கே பதிவான மலேரியா நோயாளிகள் வெறும் 27 பேர். 2020-ல அது 70,000-ஐத் தாண்டிடுச்சு. அதுக்கு இந்தக் கொசுவும் ஒரு முக்கியக் காரணம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. எத்தியோப்பியா, சூடான், சோமாலியா, நைஜீரியா, கென்யா, கானா வரைக்கும் இப்போ பரவியிருக்கு.

ஆப்பிரிக்கா இத்தனை வருஷமா நம்பினது கொசுவலையையும் வீட்டுச் சுவர்ல அடிக்கிற மருந்தையும்தான். ராத்திரி வீட்டுக்குள்ள வந்து கடிக்கிற கொசுவுக்கு அது சரி. ஸ்டீபென்சி சாயங்காலமே, வெளியிலயும் கடிக்கும். அதனால தண்ணித் தொட்டியிலேயே புழுவா இருக்கும்போது பிடிக்கணும்.

பக்கத்துல இலங்கையைப் பாருங்க. 1963-ல அங்கே மலேரியா நோயாளிகள் 17 பேர்தான். ஜெயிச்சுட்டோம்னு வேலையைத் தளர்த்தினாங்க. 1968, 69-ல லட்சக்கணக்கான பேருக்குக் காய்ச்சல். மறுபடி பாடுபட்டு, 2016 செப்டம்பர்ல மலேரியா இல்லாத நாடுன்னு சான்று வாங்கினாங்க. அதே டிசம்பர்ல மன்னார்ல ஸ்டீபென்சி கிடைச்சது! தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவுல சுமார் 30 கிலோமீட்டர் கடல்தான். இந்தத் தடவை அவங்க தளரல. கிணறு கிணறா தேடிப்போய்ப் புழுவை ஒழிக்க ஆரம்பிச்சாங்க.

2022-ல உலக சுகாதார நிறுவனம் இந்தக் கொசுவுக்குன்னே ஆப்பிரிக்காவுல ஒரு கூட்டு முயற்சியைத் தொடங்குச்சு. கண்காணிக்கிறது, தகவலைப் பகிர்றது, ஆராய்ச்சி பண்றதுதான் அதோட வேலை. நம்ம பக்கமும் கூட்டு வேலை நடந்திருக்கு. அமெரிக்க அரசோட நிதியில நியூயார்க் பல்கலைக்கழகமும் நம்ம தேசிய மலேரியா ஆராய்ச்சி நிறுவனமும் 2010-லிருந்து சேர்ந்து பண்ணின ஆய்வுல சென்னையும் ஒரு களம்.

ஆப்பிரிக்க நகரங்கள் இப்போ கத்துக்கிற வேலை என்ன தெரியுமா? தொட்டியைத் திறந்து பாக்குறது, மூடி போடுறது, கிணத்துல கம்பூசியா மீன் விடுறது. 1971-ல தொடங்கின நகர மலேரியாத் திட்டத்துலருந்து நம்ம ஊழியர்கள் பண்ணிட்டிருக்கிற வேலைதான் அது. நாமதான் "அப்புறம் வாங்கம்மா"ன்னு கேட்டோட திருப்பி அனுப்பிடறோம்.

அவங்களை மாடிக்கு விடுங்க. தொட்டி மூடி இறுக்கமா இருக்கான்னு வாரத்துக்கு ஒருதடவை நீங்களும் பாருங்க. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணியோட மேல்பரப்புல படுத்தாப்புல மிதக்கிற புழு அனாபிலஸ். தலைகீழாத் தொங்கினா டெங்கு கொசுவாவும் இருக்கலாம். ரெண்டுமே ஆபத்துதான்.

இன்னொண்ணு. கும்மிடிப்பூண்டி பக்கம் வெளி மாநிலத்துலருந்து வேலைக்கு வர்றவங்களை "இவங்கதான் நோயைக் கொண்டு வர்றாங்க"ன்னு சொல்லாதீங்க. வைவாக்ஸ் கிருமி கல்லீரல்ல மாசக்கணக்கா ஒளிஞ்சிருக்கும், சுமக்கிறவருக்கே தெரியாது. திறந்து கிடக்கிற நம்ம தொட்டியில வளர்ற கொசு கடிச்சாத்தான் அது அடுத்தவருக்குப் போகும். குளிர் நடுக்கத்தோட காய்ச்சல்னா யாரா இருந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. ரத்தப் பரிசோதனை இலவசம். மாத்திரையைப் பாதியில நிறுத்த விடாதீங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.