பரிசுப் பலகையும் ஆய்வகக் குறிப்பேடும்



இந்த மாநாட்டுக்குத் தலைமை ஏற்கப் பொருளறிவியல் துறையினர் என்னை அழைத்திருக்கிறார்கள். "துறையின் விருதுகளும் ஆய்வுச் சாதனைகளும்" என்று அழைப்பிதழில் பொருள் குறித்திருக்கிறார்கள். அரங்க வாசலில் விருது பெற்றோர் பெயர்ப் பலகையைப் புதிதாக மாட்டியிருக்கிறார்கள். அதிலுள்ள ஒவ்வொரு பெயரும் தகுதியால் வந்த பெயர்; அனைவரையும் மனமார வாழ்த்துகிறேன். ஆனால் ஒரு சாதனை நடந்த நாளுக்கும் அதற்கு விருது வரும் நாளுக்கும் நடுவே பல ஆண்டுகள் கிடக்கின்றன. அந்த ஆண்டுகளில் உழைத்த பலர் பலகையில் ஏறுவதே இல்லை. அவர்களைப் பற்றிப் பேசத்தான் இந்தத் தலைமையுரையைப் பயன்படுத்திக்கொள்ளப் போகிறேன்.

1982 ஏப்ரல் 8. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் உள்ள டெக்னியானைச் சேர்ந்த டான் ஷெக்ட்மன், ஆய்வு விடுப்பில் அமெரிக்காவின் தேசியத் தரநிலை நிறுவனத்துக்கு வந்திருந்தார். மிக வேகமாகக் குளிர்வித்த அலுமினியம் மாங்கனீசு உலோகக்கலவையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். விளிம்பு விளைவுப் படத்தில் நடுப்புள்ளியைச் சுற்றிப் பத்துப் பத்தாகப் பளிச்சென்ற புள்ளிகள். குறிப்பேட்டில் "10 மடிப்பு" என்று எழுதி, பக்கத்தில் மூன்று கேள்விக்குறிகள் போட்டார்.

ஏன் மூன்று கேள்விக்குறி? முதலாமாண்டு மாணவர்களும் வந்திருப்பதால் சொல்லிவிடுகிறேன். தரைக்கு ஓடு பதிப்பவரிடம் சதுர ஓட்டையோ அறுகோண ஓட்டையோ கொடுத்தால் இடைவெளி விடாமல் பதித்துவிடுவார். ஒழுங்கான ஐங்கோண ஓட்டை மட்டும் கொடுத்தால் எவ்வளவு கைதேர்ந்தவராலும் முடியாது; எங்காவது சந்து விழும். அணுக்கள் ஒரே அமைப்பைத் திரும்பத் திரும்ப அடுக்கிப் படிகமாகின்றன என்றால் 2, 3, 4, 6 மடிப்புச் சமச்சீருக்குத்தான் இடம் உண்டு. 5-க்கும் 10-க்கும் இல்லை. பாடநூல்கள் அப்படித்தான் சொல்லின, அந்தக் கணக்கிலும் பிழை இல்லை. திரும்பத் திரும்ப வராமலே அணுக்கள் ஒழுங்காக நிற்கலாம் என்பதைத்தான் உலோகத்தில் அதுவரை யாரும் தேடவில்லை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஷெக்ட்மன் ஹைஃபா திரும்பினார். அங்கே இலான் பிளெக் என்ற சக பேராசிரியர் அந்தப் படத்தை நம்பி, அணுக்கள் எப்படி அமைந்தால் இப்படி ஒரு படம் வரும் என்று ஒரு மாதிரியை உருவாக்கினார். இருவரும் சேர்ந்து அனுப்பிய முதல் கட்டுரையை ஓர் இயற்பியல் இதழ் திருப்பி அனுப்பியது. ஜான் கான், டெனி கிராத்தியா ஆகியோரும் சேர்ந்து எழுதிய இன்னொரு கட்டுரை 1984 நவம்பரில் 'ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்' இதழில் வெளிவந்தது. இரண்டு நோபல் பரிசு பெற்ற லைனஸ் பாலிங், 1994இல் இறக்கும்வரை அதை ஏற்கவில்லை. படிகம் எது என்ற வரையறையை உலகப் படிகவியல் ஒன்றியம் 1992இல் மாற்றியது. 2011இல் வேதியியல் நோபல் பரிசு ஷெக்ட்மனுக்குத் தனியாகக் கிடைத்தது. கண்டதற்கும் பரிசுக்கும் நடுவே 29 ஆண்டுகள்.

அந்தப் பரிசு ஷெக்ட்மனுக்கு முழுக்க உரியது. பலரும் இதைப் படிகங்கள் ஒட்டி வளர்ந்ததால் வந்த "இரட்டைப் படிகத்தின் விளையாட்டு" என்று ஒதுக்கியபோது, சோதித்துச் சோதித்து அது அப்படியில்லை என்று உறுதிப்படுத்தியவர் அவர். ஆனாலும் 1984 கட்டுரையில் நான்கு பெயர்கள் இருக்கின்றன. ஒரு துறை தன் வரலாற்றை எழுதும்போது நான்கையும் எழுத வேண்டும். பிளெக் அன்று அந்தப் படத்தை நம்பியிராவிட்டால் அந்தக் குறிப்பேடு இன்னும் எத்தனை காலம் மேசை இழுப்பறையிலேயே கிடந்திருக்கும்? பக்கத்து அறைக்காரர் ஒருவர் "காட்டுங்கள், பார்க்கலாம்" என்று உட்காரும் துறை எதுவோ, அதைத்தான் நான் நல்ல துறை என்பேன்.

இனி நம் நாட்டுக்கு வருகிறேன். பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் 1923இல் தொடங்கிய உலோகவியல் துறைதான் இந்தியாவில் இந்தப் பாடத்துக்கு முதல் துறை. உருகிய உலோகத்தை அதிவேகமாகக் குளிர்விக்கும் ஆய்வை அங்கே வேரூன்றச் செய்தவர் பேராசிரியர் டி.ஆர். அனந்தராமன். அந்த மரபில் வந்த சாஸ்திரி, சூரியநாராயணா ஆகியோர் பெல்ஜியத்து நுண்ணோக்கியாளர்களோடு சேர்ந்து, 1978இல் அலுமினியம் பல்லேடியம் கலவை ஒன்றில் ஐந்து மடிப்பை ஒத்த விளிம்பு விளைவுப் படங்களை வெளியிட்டார்கள். ஷெக்ட்மனின் நாளுக்கு நான்கு ஆண்டுகள் முன்பு! அன்று அதைப் புதிய ஒழுங்குநிலை என்று பதிவுசெய்தார்கள். திரும்பத் திரும்ப வராமலே ஒழுங்காக நிற்கும் குவாசி படிகக் குடும்பத்தைச் சேர்ந்தது அது என்பது பின்னால்தான் தெரிந்தது.

இதைச் சொல்லும்போதெல்லாம் "நழுவவிட்டார்களே" என்று வருத்தப்படுபவர்கள் உண்டு. எனக்கு அந்த வருத்தம் இல்லை. கண்டதைக் கண்டபடி, பாடநூலுக்கு ஏற்ப வளைக்காமல் அச்சிட்டார்கள். அதனால்தான் பின்னால் வந்தவர்களால் அதை அடையாளம் காண முடிந்தது. பொருந்தாத படத்தைக் கிழித்துப் போட்டிருந்தால் இன்று பேசுவதற்கே எதுவும் இருந்திருக்காது. ஓர் ஆய்வு மாணவருக்கு முதலில் கற்றுத்தர வேண்டியதும் இதுதான் என்பது என் துணிபு.

கண்டதைக் கண்டபடி பதியும் இந்தப் பயிற்சி நம் நாட்டில் வீண்போகவில்லை. 1984 கட்டுரை வெளிவந்த கையோடு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் உலோகவியலாளர்கள் அதே வகைக் கலவையை எடுத்தார்கள். 1985இல் தசகோணக் குவாசி படிகத்தைக் கண்டார்கள்: ஒரு தளத்தில் பத்து மடிப்பு ஒழுங்கு, அதற்குச் செங்குத்தான திசையில் வழக்கமான அடுக்கு. அமெரிக்காவில் பெண்டர்ஸ்கி அதே ஆண்டில் தனியாக அதையே கண்டார். 'கரண்ட் சயின்ஸ்' இதழில் வந்த இந்தியக் கட்டுரையில் ஐந்து பெயர்கள்: சட்டோபாத்யாய், லேலே, ரங்கநாதன், சுப்பண்ணா, தங்கராஜ். உலகத்தோடு ஒரே ஆண்டில் நம்மவர்கள் ஓடியதற்குக் காரணம், தேவையான கருவியும் கைப்பழக்கமும் அங்கே முன்கூட்டியே இருந்ததுதான்.

கைப்பழக்கம் என்று சும்மா சொல்லவில்லை. வேகக் குளிர்விப்பு ஆய்வகத்துக்குள் ஒருநாள் போய் நின்று பாருங்கள். அடியில் சிறு துளையிட்ட குவார்ட்ஸ் குழாய். அதற்குள் தூண்டுச் சுருளின் வெப்பத்தில் கலவை உருகிச் சிவந்து நிற்கும். கீழே செம்புச் சக்கரம் சுழலும். ஆர்கான் வாயுவால் மேலிருந்து அழுத்தம் கொடுத்ததும் உருகியது துளை வழியே பீறிட்டுச் சக்கரத்தில் பட்டு, அந்தக் கணமே உறைந்து நாடாவாகப் பறந்து விழும். தலைமுடியை விடவும் மெல்லியதாக இருக்கும் அந்த நாடா. குளிரும் வேகம் நொடிக்குப் பத்து லட்சம் டிகிரி அளவில். துளை சற்றுப் பெரிதானாலும், சக்கரம் துடைக்காமல் இருந்தாலும், அழுத்தம் ஒரு கணம் பிந்தினாலும் நாடா கிடைக்காது, துண்டுதுண்டாகத்தான் வரும். அப்படியே நல்ல நாடா கிடைத்தாலும் எலக்ட்ரான் புகும் அளவுக்கு அதை மெலிதாக்க வேண்டும். அமிலக் கரைசலில் மெருகேற்றும்போது நடுவில் ஊசிமுனைத் துளை விழும் தருணத்தில் நிறுத்தத் தெரிய வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் மாதிரி போயிற்று. இந்த நிதானம் எந்தக் கட்டுரையிலும் வராது. நம் ஆய்வகங்களில் இதை மாணவர்களுக்குக் கற்றுத்தருபவர் பெரும்பாலும் பேராசிரியர்கூட இல்லை, ஆய்வக உதவியாளர்தான். அவர் ஓய்வு பெறும் நாளில் ஒரு சால்வை போர்த்துகிறோம். அவர் கையில் இருந்த அறிவை யாரும் எழுதி வைப்பதில்லை.

பரிசுப் பலகையில் ஏறாத பெயர்களுக்கு இன்னோர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். லித்தியம் அயனி மின்கலத்துக்கு 2019இல் நோபல் பெற்றபோது ஜான் குடினஃப்புக்கு வயது 97. இன்று நம் சட்டைப் பையில் இருக்கும் செல்பேசிக்கு அடித்தளமான லித்தியம் கோபால்ட் ஆக்சைடு கட்டுரை ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து 1980இல் வெளிவந்தது. அதில் முதல் பெயர் கோயிச்சி மிசுஷிமா, அடுத்து ஜோன்ஸ், வைஸ்மன், கடைசியாகக் குடினஃப். ஒரு பரிசை மூவருக்கு மேல் பகிரக்கூடாது என்பது நோபல் விதி. அந்த விதியை நம்மால் மாற்ற முடியாது. ஆனால் நம் துறை மலருக்கு அப்படி ஒரு விதி கிடையாதே!

இன்னொன்றையும் இளநிலை மாணவர்களுக்காகவே சொல்கிறேன். 1981இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் பிரையன் கேன்டர் தன் மாணவர் அலைன் வின்சென்ட்டுக்கு இளநிலை புராஜெக்டாக ஒரு வேலை கொடுத்தார். உலோகக்கலவை என்றால் ஒன்று முதன்மை, மற்றவை சேர்மானம் என்பதுதான் அன்றைய வழக்கம். எல்லாவற்றையும் சம அளவில் கலந்தால் என்ன ஆகும் என்று பார்க்கச் சொன்னார். நொறுங்கும் கலவைகள் பல வந்தன. ஆனால் குரோமியம், மாங்கனீசு, இரும்பு, கோபால்ட், நிக்கல் ஐந்தும் சேர்ந்து ஒரே எளிய படிக அமைப்பாக நிற்பது தெரிந்தது. அந்த வேலை பல ஆண்டுகள் அச்சேறவில்லை. 2004இல் கட்டுரை வெளிவந்தபோது, 23 ஆண்டுகளுக்கு முன்பு புராஜெக்ட் செய்த வின்சென்ட்டின் பெயரும் ஆசிரியர் வரிசையில் இருந்தது. கேன்டரை இதற்காகவே வணங்கலாம். அதே ஆண்டில் தைவானின் யே இவ்வகைக்கு உயர் என்ட்ரோபி உலோகக்கலவைகள் என்று பெயர் சூட்டினார். திரவ நைட்ரஜனின் குளிரில், கழிக்குறி 196 டிகிரியிலும், கேன்டர் கலவை என்று இன்று அழைக்கப்படும் அந்த ஐந்துலோகக் கலவை உடையாமல் தாங்குவதை 2014இல் 'சயின்ஸ்' இதழ்க் கட்டுரை காட்டியது.

இந்தத் துறையில் நமக்கும் பங்கு உண்டு. யே, கேன்டர் கட்டுரைகளுக்கு ஓராண்டு முன்பே, 2003இல், 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எஸ். ரங்கநாதன் இப்படிப்பட்ட பல்லுலோகக் கலவைகளைப் பற்றி எழுதினார். பெங்களூரில் அவரிடம் முனைவர் பட்டம் பெற்ற பி.எஸ். மூர்த்தி சென்னை ஐ.ஐ.டி.யில் இந்த ஆய்வை வளர்த்தார். 2007இல் பட்நாகர் விருது பெற்றார். 2014இல் மூர்த்தி, யே, ரங்கநாதன் மூவரும் சேர்ந்து இந்தக் கலவைகளைப் பற்றி நூல் எழுதினார்கள். ஆசிரியரும் மாணவரும் ஒரே நூலின் அட்டையில். பனாரஸில் தொடங்கிப் பெங்களூரு வழியாகச் சென்னைக்கு வந்த இந்த ஆசிரியர் மாணவர் தொடர்தான் ஒரு துறையின் உண்மையான சொத்து. விருதுகள் அதன் விளைச்சல்.

இப்போது நம் நடைமுறைக்கு வருகிறேன். ஆண்டறிக்கைப் படிவத்தில் எத்தனை கட்டுரை, எத்தனை மேற்கோள், எத்தனை காப்புரிமை, எத்தனை விருது என்று கட்டங்கள் இருக்கின்றன. தரவரிசைக்கு அவை வேண்டும், நிரப்பத்தான் வேண்டும். ஆனால் மூன்றாண்டுத் திட்டம் முடிவதற்குள் எண்ணிக்கை காட்டியாக வேண்டும் என்ற அவசரத்தில், பொருந்தாத முடிவு வரும்போது அதை ஓரமாக வைத்துவிட்டு எளிதாக அச்சேறும் வேலைக்குத் தாவும் பழக்கம் நம்மிடையே வந்துவிட்டது. இது ஆபத்து. 1982இல் அப்படித் தாவியிருந்தால் அந்த மூன்று கேள்விக்குறிகளுக்குப் பக்கத்திலேயே கதை முடிந்திருக்கும். வழிகாட்டிகளாக இருக்கும் நண்பர்களிடம் உரிமையோடு கேட்கிறேன்: உங்கள் மாணவர் விசித்திரமான ஒரு படத்தோடு வந்து நின்றால், "மாதிரி சரியில்லை, திரும்பச் செய்" என்று சொல்வதற்கு முன் அரைமணி நேரம் உட்கார்ந்து சேர்ந்து பாருங்கள். பத்தில் ஒன்பது முறை மாதிரிதான் சரியில்லாமல் இருக்கும். அந்தப் பத்தாவது முறைக்காகத்தான் பல்கலைக்கழகமே இருக்கிறது.

துறைத் தலைவருக்கும் துணைவேந்தருக்கும் மூன்று வேண்டுகோள். விருதுப் பலகையை ஒட்டி, அந்தந்த விருதுக்குக் காரணமான கட்டுரையின் முதல் பக்கத்தையும் கண்ணாடிச் சட்டத்தில் வையுங்கள். எல்லாப் பெயர்களும் தெரியட்டும். மாணவர்கள் படிப்பை முடித்துப் போகும்போது ஆய்வகக் குறிப்பேடுகளையும் மிச்சமுள்ள மாதிரிகளையும் துறை நூலகம் வாங்கி, எண் போட்டு வைக்கட்டும். இன்று காலாவதியாகத் தெரியும் நாடாத் துண்டுக்கு இருபது ஆண்டுகள் கழித்து விலைமதிக்க முடியாத மதிப்பு வரலாம். ஓய்வு பெறவிருக்கும் ஆய்வக உதவியாளர்களை ஓர் ஆய்வு மாணவரோடு உட்காரவைத்து, அவர்கள் செய்முறையை அவர்கள் சொல்லச் சொல்லத் தமிழிலேயே எழுதி வாங்குங்கள். இதற்கு எந்த நிதி நிறுவனத்தின் அனுமதியும் வேண்டாம். நம் கூட்டத் தீர்மானமே போதும்.

இந்த இரண்டு நாட்களில் கட்டுரை வாசிப்பவர்கள், மாதிரியைத் தயாரித்தவர் யார், நுண்ணோக்கியை இயக்கியவர் யார் என்பதை முதல் ஸ்லைடிலேயே பெயரோடு சொல்ல வேண்டும் என்று தலைவர் என்ற முறையில் கேட்டுக்கொள்கிறேன். மாணவர்களின் சுவரொட்டிக் காட்சி மாலை வரை இருக்கும். மூத்தவர்கள் ஒவ்வொரு சுவரொட்டியின் முன்னும் நின்று ஒரு கேள்வியாவது கேளுங்கள். மாநாடு தொடங்கியது என அறிவித்து, முதல் அமர்வின் தலைவரை மேடைக்கு அழைக்கிறேன்.